எங்கள் வீட்டு வழியாகப் போன பேச்சு

எங்கள் ஊரில் முதலில் மெத்தை போட்ட வீடு எங்களுடையது. கூரை வீடும் ஓட்டு வீடுமாக இருந்த தெருவில், படியேறி மொட்டை மாடிக்குப் போகிற வீடு அது ஒன்றுதான். மாடி ஓரத்தில் ஒரு சின்ன அறை இருந்தது. கடலை மூட்டையும் விதை ராகியும் அங்கேதான் வைப்பேன். சாவி என் இடுப்பில் தொங்கும். ஆலைக்காரர்கள் வந்த வருஷம் அந்தச் சாவி என் இடுப்பை விட்டுப் போனது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. கடத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, குன்றுக்குப் பக்கத்தில் மேட்டில் இருக்கிற ஊர் எங்களுடையது. சர்க்கரை ஆலை குன்றுக்கு அந்தப் பக்கம். ஆலையின் கரும்பு ஆபீஸ் இந்தப் பக்கம், பள்ளத்தில். கரும்பு போட்டவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. ஆலை நாள் சொல்லும், அன்றைக்குத்தான் வெட்ட வேண்டும். வெட்டு ஆர்டர் என்று சொல்வோம். ஆர்டர் வந்தால் வெட்டு ஆட்கள் வருவார்கள், லாரி வரும். வராவிட்டால் கரும்பு காட்டிலேயே நின்று பூ விட்டு, காய்ந்து, உள்ளே சாறு வற்றி அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

அதுவரைக்கும் ஆபீஸிலிருந்து, காடு காடாகப் போய்க் கரும்பு பார்க்கிற பீல்டுமேன் சைக்கிள் மிதித்துப் பொம்மிடிக்குப் போய், போன் கிடைக்கும்வரை உட்கார்ந்திருந்து, ஆலையில் பேசிவிட்டு வருவார். அதற்குள் ஆலை வேறு ஊருக்கு லாரியை அனுப்பியிருக்கும். அதனால் ஆலைக்காரர்கள் வயர்லெஸ் கொண்டுவந்தார்கள். ஆபீஸில் ஒரு செட், ஆலையில் ஒரு செட். இரண்டுக்கும் நடுவில் குன்று. இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் இரைச்சல்தான் கேட்டதாம்.

ஒரு நாள் வயர்லெஸ்காரர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி, அதில் நீளமாக ஒரு கம்பி. பாறை பாறையாக ஏறி நின்று, "கேக்குதா, ஓவர், கேக்குதா" என்று காற்றைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடு மேய்க்கிற பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், இந்த மலைக்குப் பதில் பேசத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சு ஒரு நாளும் பேசுனது இல்ல. வெயில் ஏறுறதுக்குள்ள கீழ எறங்கிருங்க."

கடைசியில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, மாடிக்குப் போகலாமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். மாடியில் நின்று பேசினால் ஆபீஸுக்கும் கேட்டது, ஆலைக்கும் கேட்டது. நான் காட்டிலிருந்து புல்லுக்கட்டோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டியிருந்தார்.

"என்னைக் கேக்காம எப்படிங்க சொன்னீங்க?"

"நல்லதுக்குத்தானே புள்ள. ஊரு கரும்புக்கே இது வழியாத்தான் ஆர்டர் வரப்போவுதாம்."

"ஊரு நல்லதுக்கு நம்ம மெத்ததான் கெடைச்சுதா?"

கேட்கும்போது கோபமாகத்தான் கேட்டேன். ஆனால் ஊரில் வேறு யார் வீட்டிலும் மெத்தை இல்லை என்பது எனக்குத் தெரியாததா. அந்த ஒரு காரணத்துக்காக நானும் அதிகம் பேசவில்லை.

என் கடலை மூட்டைகள் கீழே வந்தன. மாடியில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதன் தலையில் கம்பிகளைக் கட்டினார்கள். அறைக்குள் ஒரு பெட்டியும், அதற்குச் சோறு போடுவது மாதிரி லாரி பாட்டரியும், பாட்டரிக்கு கரண்டு ஏற்ற இன்னொரு பெட்டியும் வைத்தார்கள். எல்லாம் முடிந்ததும் வயர்லெஸ்காரர் கைகழுவ வந்தார். நான் சொம்பைக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அந்தப் பொட்டி என்ன பண்ணுது?"

"கெணறு வெட்டும்போது மண் கூடையைக் கை மாத்தி விடுவீங்கல்லம்மா, அந்த மாதிரிதான். ஆபீஸ்ல பேசற பேச்சு இந்த மேடு வரைக்கும்தான் வரும். இந்தப் பொட்டி அதை வாங்கி ஆலைப் பக்கம் விடும். ஆலையில பேசினா வாங்கி இந்தப் பக்கம் விடும்."

"கை மாத்தறவளுக்குக் கூடையில இருக்கறது மண்ணா கல்லான்னு தெரியும். இந்தப் பொட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. யார் பேசறாங்க, என்ன பேசறாங்க, ஒண்ணும் தெரியாது. வாங்கும், குடுக்கும்."

"தெரியாமயே எப்படிக் குடுக்குது?"

அவர் சிரித்தார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. சொம்பைக் கொடுத்தேன்.

அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சத்தம் வராது. யாராவது பேசினால் அதில் சிவப்பாக ஒரு விளக்கு எரியும், பேச்சு நின்றால் அணைந்துவிடும். அவ்வளவுதான். என் வீட்டுக்குள்ளே வந்து, என் தலைக்கு மேலே ஊரார் கரும்பைப் பற்றியெல்லாம் பேசிவிட்டுப் போகிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை கேட்காது. மாமியார் காலத்தில்கூட இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் யாரும் எதையும் பேசியது கிடையாது.

அறைச் சாவியை வயர்லெஸ்காரர் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். கரண்டு போய் வந்தால் சுவிட்சைப் போட வேண்டும், பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். வயர்லெஸ்காரர் பார்வையிட வரும்போதெல்லாம் மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார். இரண்டு பேரும் வெகுநேரம் பேசுவார்கள். நான் படியில் கால் வைத்தால் பேச்சு நிற்கும். இதையும் நான் கவனித்து வைத்திருந்தேன்.

ஊர்க்காரர்கள் வேறு மாதிரி சந்தேகப்பட்டார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் வழி மறித்துக் கேட்பார்கள்.

"ஏனக்கா, மேல இன்னிக்கு என்ன பேசிக்கிட்டாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும். அது ஊமப் பொட்டி."

"ஊமன்னா வாய்தான இல்ல. காது இருக்குமே."

"ஊமைக்குக் காதும் கேக்காதுடி. உங்க மாமனாரக் கேட்டுப் பாரு."

அவள் மாமனாருக்குக் காது மந்தம். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகும் யாரும் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எங்கள் வீட்டைத் தாண்டும்போது சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிறவர்கள்கூட குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பங்காளிச் சண்டை நடந்துகொண்டிருந்த ஒருவர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, தெருவில் போட்ட சண்டை ஆலைக்குக் கேட்டிருக்குமா, கேட்டிருந்தால் வெட்டு ஆர்டரில் கை வைப்பார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எனக்கே ஒரு நாள் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. மத்தியானம் மிளகாய் காயப் போடுகிற சாக்கில் மாடிக்குப் போனேன். அறை பூட்டியிருந்தது. ஜன்னல் கம்பி வழியாகப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, "அந்த வயர்லெஸ்காரர் மீசை ஆட்டு வாலாட்டம் இருக்குது" என்று சொன்னேன். விளக்கு எரியவில்லை. சரி, இதற்குக் காது இல்லைதான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆபீஸிலோ ஆலையிலோ யாரோ பேசத் தொடங்கியிருப்பார்கள் என்று என் புத்தி சொன்னது. ஆனால் அடுத்த முறை ஜீப்பை விட்டு இறங்கிய மனிதர் மீசையைத் தடவிக்கொண்டேதான் என்னைக் கும்பிட்டார். அன்றிலிருந்து மாடியில் நான் மிளகாயைப் பற்றித் தவிர எதுவும் பேசவில்லை.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அக்கா காடு மேலே, எங்கள் காடு கீழே, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கிணறு. ஒரு நாள் அவருக்குத் தண்ணீர், ஒரு நாள் எங்களுக்கு. முறை தவறினால் தவறியதுதான். அன்றைக்கு கரண்டு இல்லாவிட்டாலும், ஆளுக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும், அடுத்த முறைக்குத்தான் காத்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை அக்கா எங்களுக்கும் தளர்த்தியதில்லை, தனக்கும் தளர்த்தியதில்லை. அவரிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், பிடிக்காததும் அதுதான்.

அந்த வருஷம் அக்கா தன் காடு முழுக்கக் கரும்பு வைத்திருந்தார். ராகிகூட ஒரு பாத்தி விதைக்கவில்லை. ஒற்றைப் பெண்பிள்ளையாகத் தண்ணீர் கட்டி, தோகை உரித்து வளர்த்தது அவ்வளவும் இந்தக் கரும்புதான். இது ஆலைக்குப் போனால்தான் அவர் வீட்டில் அடுத்த வருஷத்துச் சோறு. எங்களுக்கு அப்படி இல்லை. கரும்பு கைவிட்டாலும் கீழ்க்காட்டில் கடலை இருந்தது.

பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கல் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் சுமக்கிற எதுவும் சுமக்காது. மாட்டுக்கு நுகத்தடி கிடையாது. ஏரும் கலப்பையும் கழுவிச் சாத்தி வைத்திருப்போம். மோட்டாருக்குப் பொட்டு வைத்து, அன்றைக்கு ஓடாமல் விட்டுவிடுவோம். அக்கா எங்கள் குடும்பத்தில் மூத்தவர் என்பதால், அண்ணன் போன பிறகும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறது அவர்தான். மாட்டுக் கொம்புகளுக்கு வைத்தார், வண்டிக்கு வைத்தார், பம்ப் செட்டுக்கு வைத்தார். பிறகு குங்குமத் தட்டோடு எங்கள் வாசலில் நின்று மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"மேல ஒண்ணு நாள் பூரா சொமந்துக்கிட்டு இருக்குதே, அதுக்கு யாரு பொட்டு வெக்கறது?"

என் வீட்டுக்காரர் தயங்கினார். "அது ஆலைக்காரங்க பொட்டிங்க அண்ணி."

"பொட்டி அவங்களுது. வூடு யாருது?"

அந்த ஒரு கேள்விக்காக நான் அவருக்குப் பாயசம் வைத்துப் போட்டிருப்பேன். நான் கேட்க நினைத்திருந்ததை அவர் கேட்டுவிட்டார். எல்லோரும் மேலே போனோம். பெட்டிக்குப் பொட்டு வைத்து, ஒரு முழம் சாமந்தியைச் சுற்றி, வாழை இலையில் பொங்கல் வைத்தார்.

"இப்ப அணைச்சு வெய்யி."

"அணைக்கறதுங்களா?"

"மாட்டுப் பொங்கல் அன்னிக்கு வேல வாங்குனா அந்த வூடு வெளங்குமா? மாட்டுக்கு ஒரு ஞாயம், இதுக்கு ஒரு ஞாயமா?"

"வயர்லெஸ்காரர் கேட்டா..."

"கேட்டா நாஞ் சொல்லிக்கறேன். அவரு வூட்டு மாடும் இன்னிக்குச் சும்மாத்தான நிக்குது."

என் வீட்டுக்காரர், "ஆலைக்கும் இன்னிக்கு லீவாத்தான் இருக்கும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சுவிட்சை அணைத்தார். மறுநாள் காலையில் போட்டுவிட்டார். அதை அதற்கப்புறம் யாரும் நினைக்கவில்லை.

தை முடியும்போது கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. அக்கா காட்டுக் கரும்பு பூ விட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் நரைத்த தலை மாதிரி தெரிந்தது. தோகை நுனி கருக ஆரம்பித்தது. எங்கள் கரும்பு அவருடையதற்குப் பிந்தி நட்டது, இன்னும் பச்சையாக இருந்தது. அடுத்த ஆர்டர் அக்காவுக்குத்தான் என்று ஊரே சொன்னது. அவரும் தினமும் தெருமுனையில் போய் பீல்டுமேன் சைக்கிள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

சைக்கிள் வந்தது. அவரைத் தாண்டி வந்து எங்கள் வாசலில் நின்றது.

"நாளைக்கு உங்க காடுங்க" என்றார் பீல்டுமேன்.

"அக்கா காடு?"

"அது தெரியாதுங்க. ஆலையில சொன்னதச் சொல்றேன்."

அன்று சாயங்காலம் கிணற்றடியில் நான்கைந்து பெண்களுக்கு நடுவில் அக்கா என்னைப் பார்க்காமல் என்னிடம் பேசினார்.

"மெத்த மேல ஏறி நின்னு பேசுனா ஆலைக்கு நல்லாக் கேக்குமாட்டம் இருக்குது. தரையில நிக்கறவங்க பேச்சு கேக்காதாட்டம் இருக்குது."

"யாரும் யாருகிட்டயும் பேசல அக்கா."

"நானும் பேசுனீங்கன்னு சொல்லலையே. கேக்குமாட்டம் இருக்குதுன்னு சொன்னேன்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மற்ற பெண்கள் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்தவள் சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு வழி பண்ணியிருப்பேன்.  ஆனால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நம்ம காட்ட முன்னால போடச் சொல்லி எதாச்சும் கேட்டீங்களா?"

"யாருகிட்ட?"

"வயர்லெஸ்காரர்கிட்ட. வேற யாருகிட்ட?"

"அவரு பொட்டி பாக்க வர்றவரு புள்ள. ஆர்டருக்கும் அவருக்கும் என்ன இருக்குது?"

"அப்புறம் எதுக்கு மோரு சொம்பத் தூக்கிக்கிட்டு மேல போயி அத்தன நேரம் பேசறது? நான் வந்தா எதுக்கு நிறுத்தறது?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுக்குத் தட்டை போடப் போனார். அந்த மனிதரோடு அத்தனை வருஷம் வாழ்ந்தவள் நான். மறைக்கிறது ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தாலி அறுத்தவள் கரும்பைத் தள்ளிவிட்டு என் கரும்பை முன்னால் ஏற்றியதாக ஒரு பேச்சு வந்தால், இந்த மெத்தை வீட்டில் நான் எந்த முகத்தோடு உட்காருவேன்.

காலையில் வெட்டு ஆட்கள் வந்தார்கள். எல்லைப் பக்கத்து ஆட்கள், தங்களுக்குள் கன்னடம் கலந்து பேசுவார்கள். மேஸ்திரி எங்கள் வரப்பில் தேங்காய், பழம், கற்பூரத்தட்டு எல்லாம் எடுத்து வைத்தார். பூசை போட்ட பிறகுதான் கத்தி வைப்பார்கள். பீல்டுமேன் தோளில் சின்ன வயர்லெஸ் செட் தொங்கியது. காட்டிலிருந்து பேசினால் எங்கள் மாடிப் பெட்டி வாங்கி ஆலைக்குக் கொடுத்துவிடும் என்று அதைப் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். மேல்காட்டு வரப்பில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிட்டே வரவில்லை.

மேஸ்திரி தீப்பெட்டியை எடுத்தார்.

"நில்லுங்க" என்றேன். "அதுக்கு முன்னால ஒரு கேள்வி. மேல்காடு முன்ன நட்டது. அத விட்டுட்டு எங்க காடு எதுக்கு வந்துச்சுன்னு ஆலையில கேளுங்க."

பீல்டுமேன் என்னைப் பார்த்தார். "ஆர்டர்ல எல்லாம் கேள்வி கேக்க முடியாதுங்கம்மா. ஆர்டர் வந்தவங்க சந்தோசமா வெட்டிக்குவாங்க."

"நான் சந்தோசமா இல்ல. கேளுங்க. கேக்காம எங்க காட்டுல கத்தி வெக்க வேணாம்."

என் வீட்டுக்காரர், "ஏ புள்ள" என்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. உண்மையில் நான் ஆலையைக் கேட்கச் சொல்லவில்லை. அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் வரும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

லாரி வருகிற நேரம் ஆகிவிட்டதால் பீல்டுமேன் வேறு வழியில்லாமல் செட்டை வாயருகே வைத்துக் கேட்டார். கொஞ்சம் இரைச்சல் வந்தது. பிறகு ஒரு ஆண் குரல், பக்கத்து வரப்பில் நின்று பேசுவதுபோல் தெளிவாக வந்தது. இத்தனை மாதமாக என் வீட்டு வழியாகப் போய் வந்துகொண்டிருந்த பேச்சை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் காதால் கேட்டேன்.

"மேல்காட்டுக்கு மாட்டுப் பொங்கல் அன்னிக்கே ஆர்டர் சொன்னோம். சாயங்காலம் எத்தனையோ தரம் கூப்பிட்டோம். உங்க பக்கத்துல இருந்து பதிலே இல்ல. லாரியை வேற ஊருக்கு விட்டுட்டோம். அவங்க மொறை போயிடுச்சு, இனிக் கடைசியிலதான் வரும். ஓவர்."

"அன்னிக்கு ஆபீஸ்ல செட்ட வெச்சுக்கிட்டு ஆளு உக்காந்திருந்தாரே" என்று பீல்டுமேன் எங்களிடம் சொன்னார். "ஒண்ணும் வரலன்னுதான் சொன்னாரு. ஆலைக்கு ஏது லீவு. அரவைக் காலத்துல ராப்பகலா ஓடும்."

மேஸ்திரி வெளியூர்க்காரர், அவருக்கு ஒன்றும் தெரியாது. "அப்ப அன்னிக்கு அந்தப் பொட்டிக்கு என்ன கேடாம்?" என்று கேட்டார்.

 பொட்டு வைத்தது யார், அணைக்கச் சொன்னது யார் என்று அங்கே நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா வரப்பிலிருந்து இறங்கிக் கிட்டே வந்திருந்தார். குரல் சொன்னதை அவரும் கேட்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கட்டியிருந்த கை மட்டும் அவிழ்ந்திருந்தது.

"நாந்தான் அணைச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர். "சுவிட்சுல கை வெச்சது நான். சாவியும் என்கிட்டத்தான் இருக்குது."

 அண்ணி சொல்லித்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பீல்டுமேனிடம் சொன்னார்: "மொறை தவறுனா தவறுனதுதான். வெட்டுங்க அவ காட்ட."

"கடசி மொறைன்னா உங்க கரும்பு தாங்காதுங்கம்மா" என்றார் பீல்டுமேன்.

"தாங்கலன்னா போவுது. எரிக்கறதுக்கு வெறகாச்சும் ஆவும்."

அவர் சொன்ன விதத்தில் சத்தம் இல்லை. கிணற்றுத் தண்ணீருக்கு எனக்குச் சொன்ன அதே வார்த்தையை அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் அந்தக் கரும்பைத் தவிர அந்த வீட்டில் அடுத்த வருஷம் உலை வைக்க ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இன்னிக்கு எங்களுக்கு வர்ற லாரியில மேல்காட்டுக் கரும்ப ஏத்தலாமான்னு கேளுங்க" என்றேன் பீல்டுமேனிடம்.

அவர் கேட்டார். என் வீட்டு மாடி வழியாகப் பேச்சு போயிற்று, திரும்பி வந்தது. "லாரி கெளம்பிடுச்சு. காலியா மட்டும் அனுப்பாதீங்க. ஆர்டர் வந்தவங்க சம்மதிச்சா எந்தக் காடா இருந்தாலும் சரி. விட்டுக் குடுக்கறவங்க கடைசிக்குப் போவாங்க. ஓவர்."

"எனக்கு யாரும் விட்டுக் குடுக்க வேணாம்" என்றார் அக்கா. "இன்னிக்கு விட்டுக் குடுத்துட்டு நாளைக்கு ஊருல சொல்லிக்காட்டறதுக்கா?"

"நான் எப்ப அக்கா சொல்லிக்காட்டி இருக்கேன்?"

"நேரம் வரல. அதனால சொல்லல."

மேஸ்திரி பொறுமை இழந்தார். "யாரு காடுன்னு ஒண்ணு சொல்லுங்கம்மா. கற்பூரம் ஏத்துன காட்ட வெட்டாம எங்க ஆளுங்க நவுர மாட்டாங்க. அப்புறம் மாத்தறேன்னு வரக்கூடாது."

அவர் அதைச் சொன்னதும் எனக்கு வழி தெரிந்தது. வரப்பில் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு மேல்காட்டுக்கு நடந்தேன். அக்கா பின்னாலேயே வந்தார். "ஏ, எங்க போற, எங்க போற நீ" என்றார். கையைப் பிடிக்கவில்லை. கற்பூரத்தட்டு இருக்கிற கையை யாரும் பிடிக்க மாட்டார்கள். அவர் வரப்பில், அவருடைய முதல் கரும்புத் தூரில், நானே கற்பூரம் ஏற்றிக் காட்டினேன். மேஸ்திரி ஓடிவந்து தேங்காயை உடைத்தார். ஆட்கள் கும்பிட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார்கள். இனி அக்கா நினைத்தாலும் நிறுத்த முடியாது.

அவர் என் எதிரில் வந்து நின்றார்.

"இதுல என்னமோ வெச்சிருக்கற நீ."

"என்ன வெச்சிருக்கேன்?"

"தெரியல. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா."

சாயங்காலம் லாரி பாரம் ஏற்றிக்கொண்டு கிளம்பும்வரை அவர் தன் கரும்பைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரருக்குக் களியைப் போட்டு முன்னால் உட்கார்ந்தேன். "ஆர்டர் கேக்கலன்னு ஆச்சு. அப்புறம் மேல என்னதான் பேசுனீங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "இந்த மாதிரி பொட்டி ஒண்ணு வெச்சா நம்மூருல டிவி தெரியுமான்னு கேட்டேன். நீ வூட்டுக்குள்ள டிவிய வுட மாட்டேன்னு சொன்னயில்ல, அதான்."

"தெரியும்னாரா?"

"வேற பொட்டி வேணுமாம்."

நல்லது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் சொன்னது அவ்வளவும்தானா என்று இன்றுவரை எனக்கு ஒரு மூலையில் இருக்கிறது.

எங்கள் கரும்பு கடைசி முறைக்குப் போனது. மாசி போய்ப் பங்குனி வெயிலில்தான் ஆர்டர் வந்தது. அதற்குள் எங்கள் காடும் நரைத்துவிட்டிருந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் சொல்லிக்காட்டியதாகிவிடும். அக்காவும் கேட்கவில்லை. அந்த இடைப்பட்ட நாட்களில் அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று பேசுவார், உள்ளே வரமாட்டார். தண்ணீர் கொடுத்தால், தாகமில்லை என்பார்.

வெட்டு அன்றைக்கு அழைக்காமலே காட்டுக்கு வந்தார். ஆட்கள் வெட்டிக் கட்டிப் போட்ட கரும்புக் கட்டுகளுக்கு நடுவில் குனிந்து, ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார். வரிசையாகத் தூக்கிக்கொண்டே போனார். மேஸ்திரி கத்தியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"எதுக்கு அக்கா தூக்கிப் பாக்கறீங்க?"

"கனம் எப்படி இருக்குதுன்னு."

"எப்படி இருக்குது?"

அவர் கையிலிருந்த கட்டை இடுப்புவரை உயர்த்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். மடி நிறையப் பால் கறக்கிற மாடு ஏன் திடீரென்று வற்றியது என்று பார்க்கிறவர் மாதிரி அதையே பார்த்தார்.

"லேசாத்தான் இருக்குது" என்றார். "நெசமாவே காஞ்சுதான் போயிருக்குது."

கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். என்னோடு வீட்டுக்கு நடந்து வந்தார். வாசலில் நிற்காமல் உள்ளே வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, "தண்ணி குடு" என்றார்.